விடைக்குறிப்பில் உள்ளதே விடை

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. வெளியே தெரிந்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும் என்று யாரும் சொல்வதில்லை. கேள்வி முதலில் பிறப்பதில்லை. விடைதான் முதலில் பிறக்கிறது. மூலங்கள், அதாவது xஇன் மதிப்புகள், இரண்டும் மூன்றுமாக இருக்கட்டும் என்று வாத்தியார் மனசுக்குள் முடிவு செய்துகொள்வார். x−2, x−3 என்று இரண்டு காரணிகளை எழுதிப் பெருக்குவார். x²−5x+6=0 என்று ஒரு சமன்பாடு வந்து நிற்கும். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "கண்டுபிடிங்க பாப்போம்" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார். ஆளை முடிவு செய்துவிட்டு அப்புறம் நேர்காணலுக்கு விளம்பரம் கொடுக்கிற ஆபீஸ் மாதிரிதான்.

அந்த வருடம் பொதுத்தேர்வில் இதையே திருப்பிக் கேட்டிருந்தார்கள். இந்தா மூன்று மூலங்கள், சமன்பாட்டை நீ எழுது. எட்டு மதிப்பெண். கேள்வியைப் போட்டது யார் என்பது பரம ரகசியம். தேர்வு வாரியத்தின் பூட்டிய அலமாரிக்குத் தெரியும். டெம்ப்புக்கும் தெரியும், ஏனென்றால் போட்டதே அவள்தான்.

டெம்ப்பு என்பது அவள் பெயர் அல்ல. தற்காலிக ஆசிரியை என்று வேலைக்குச் சேர்ந்தவளைச் சக ஆசிரியர்கள் முதலில் டெம்பரவரி மேடம் என்றார்கள். அப்புறம் டெம்பரவரி. தேய்ந்து தேய்ந்து டெம்ப்பு. அவள் கையில் படித்த பிள்ளைகள் கல்யாணமாகித் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற காலம் வந்துவிட்டது. அவள் இன்னும் தற்காலிகம். அவள் சேருவதற்கு முன்னால் பள்ளிக்கு வாங்கிய கடிகாரம் நின்றுவிட்டது. அவள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.

நிரந்தரமாவதற்கு வாரியம் ஒரு வழி வைத்திருந்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். ஒரு புகார்கூட வரக் கூடாது. வந்தால் அந்த ஆள் அதோடு சரி, பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்க முடியாது. வராவிட்டால் நிரந்தர ஆணை. முதல் வருடம் புகாரில்லை, இரண்டாவது வருடமும் இல்லை. இது மூன்றாவது. சித்தாள் வேலைக்குப் போய்ச் சட்டி சுமந்து முழங்கால் தேய்ந்த அவள் அம்மா, அந்த ஆணையைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று சுவரில் ஆணிகூட அடித்துவிட்டாள். வெண்ணெய் திரண்டுவிட்டது, தாழி உடையாமல் இருந்தால் போதும்.

விடைத்தாள் திருத்தும் முகாம் ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் நடந்தது. உத்தரத்தில் விசிறிகள் காற்றைத் தவிர எல்லாச் சத்தத்தையும் கொடுத்தன. நீள மேசைகளின் இருபுறமும் கணக்கு ஆசிரியர்கள். ஆளுக்கொரு சிவப்புப் பேனா, ஒரு கட்டு விடைத்தாள், ஓர் அச்சடித்த விடைக்குறிப்பு. மேடைமேல் தனி மேசை போட்டு முதன்மைத் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைச் சீஃப் என்பார்கள். அவர் கணக்கை விட்டு நிர்வாகத்துக்கு வந்து வெகுகாலமாகிறது. இப்போது அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு, எத்தனை கட்டு முடிந்தது, எத்தனை பாக்கி என்பதுதான்.

"விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதான் விடை" என்று சீஃப் காலையிலேயே அறிவித்துவிட்டார். "சொந்தமா யோசிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம். யோசிச்சா லேட்டாகும்."

டெம்ப்பு விடைக்குறிப்பைப் புரட்டினாள். தன் கேள்வி வந்தது. மேலே கேள்வி: மூலங்கள் −2, 3, −1/2. கீழே விடை: 2x³+x²−13x+6=0.

குறிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

விடை தப்பு. அவளே எழுதிய விடை.

நடந்தது இதுதான். பூட்டிய அறையில், கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேள்வி தயாரிக்கச் சொன்னபோது அவள் முதலில் காரணிகளைத்தான் எழுதினாள். (x−2)(x+3)(2x−1). அதை அழகாகப் பெருக்கினாள். பெருக்கலில் பிசகே இல்லை. அப்புறம் மூலங்களைக் கேள்வியில் எழுதும்போது கண் போன போக்கில், காரணியில் கிடந்த எண்களைக் கிடந்தபடியே குறியோடு தூக்கி வைத்துவிட்டாள். x−2 என்றால் மூலம் 2. குறி மாற வேண்டும். "குறி மாறும்! மாறும்! மாறும்!" என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள், பெஞ்சு மேல் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றி நிறுத்தியவள், தன் முறை வந்தபோது மாற்றாமல் விட்டாள். சரிபார்க்க ஒரு மேலாய்வாளர் இருந்தார். அவர் தேநீர் குடித்தார், பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றார், 'முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். மூன்றில் முதல் இரண்டை உண்மையிலேயே முழுமையாகச் செய்தார்.

பக்கத்து நாற்காலியில் எக்ஸ்பிரஸ் சார். ஓய்வு பெறப்போகிறவர். விடைத்தாள் அவர் கையில் நிற்காது, சின்ன ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயில் மாதிரி கடந்து போகும்.

"பாருங்க மேடம்" என்றார். "ஒருத்தன் 2x³−x²−13x−6ன்னு எழுதியிருக்கான். எல்லா நம்பரும் சரி. ரெண்டு எடத்துல சைன்ல கோட்டை விட்டுட்டான். முட்டை."

அந்தப் பையனோ பெண்ணோ எழுதியிருந்ததுதான் சரியான விடை. டெம்ப்பு எட்டிப் பார்த்தாள். குறியை ஒழுங்காக மாற்றி, பெருக்கி, பெட்டி போட்டு வைத்திருந்தது பிள்ளை. அதன் மேல் எக்ஸ்பிரஸ் சார் சிவப்பு மையில் கோழி முட்டை அளவுக்கு ஒரு பூஜ்ஜியம் போட்டார்.

"படிப்படியா மார்க் கொடுக்கலாமே சார்?" என்றாள் மெதுவாக.

"படி எங்க இருக்கு? முதல் படியே வழுக்கிடுச்சே. நான் என்ன கை புடிச்சா தூக்கிவிட முடியும்?" என்றார். அடுத்த தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இது பாருங்க, இவன் புள்ள! விடைக்குறிப்பு மாதிரியே அச்சு அசலா எழுதியிருக்கான்." முழுதாக எட்டுப் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதினார்.

விடைக்குறிப்பு மாதிரியே எழுத வேண்டுமென்றால் டெம்ப்பு செய்த அதே தப்பைப் பிள்ளையும் செய்திருக்க வேண்டும். வகுப்பில் எந்தத் தப்புக்குப் பெஞ்சு மேல் ஏறி நின்றார்களோ, அந்தத் தப்புக்குத்தான் இங்கே 'நன்று'.

தேநீர் இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் கொத்தனார். பின்னணியில் கலவை மெஷின் இரைந்தது.

"அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்ப அது தப்பில்ல பாப்பா, வேலை. போயி டீயக் குடி."

விஷயத்தைச் சொன்னாள். கணக்கு அண்ணனுக்குப் புரியவில்லை. புகார் வந்தால் வேலை போகும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"சொவரு கோணலாப் போச்சுன்னா இடிக்கிறவன் பைத்தியக்காரன். பூச்சுல சரிபண்றவன்தான் மேஸ்திரி. நான் கட்டின வீட்டுல எத்தன பேரு நிம்மதியாக் குடியிருக்கான் தெரியுமா?"

"புள்ளைங்க மார்க் போகுதேண்ணே."

"யாரு புள்ளைங்க? உன் ஸ்கூலு புள்ளைங்களா?"

"தெரியாது. பேரு இருக்காது. வெறும் நம்பர்தான்."

"மூஞ்சி தெரியாத நம்பருக்காவ எவளாவது வேலைய விடுவாளா? அம்மா ஆணி அடிச்சு வெச்சிருக்கு பாப்பா. அத நெனச்சுக்க." மெஷின் சத்தம் கூடியது. "ஏய், தண்ணி ஊத்தாதடா! போதும்!" என்று யாரையோ கத்திவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் கட்டிலும் சரியான விடைகள் வந்தன. முதல் தாளுக்குப் பூஜ்ஜியம் போடுமுன் பேனாவை மூன்று முறை கீழே வைத்தாள். இரண்டாவதற்கு ஒரு முறை வைத்தாள். அப்புறம் வைக்கவில்லை. பழகாத வேலை என்று உலகத்தில் எதுவும் இல்லை.

அவள் பயந்ததெல்லாம், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான். ஆனால் உச்சிவெயில் ஏற ஏற அந்தப் பயம் தானாக இறங்கிவிட்டது. கண்டுபிடிக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடம் நிறையக் கணக்கு வாத்தியார்கள். ஒருவரும் கணக்குப் போடவில்லை. இடது கையில் விடைக்குறிப்பு, வலது கையில் பேனா, கண் இரண்டுக்கும் நடுவே டென்னிஸ் பந்தாகப் போய்வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பத்திரமான இடம் திருடனுக்குக்கூடக் கிடைக்காது.

சாப்பாட்டுக்கு அப்புறம் சீஃப் மைக்கைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கவனிங்க. இந்த மூலத்துலேர்ந்து சமன்பாடு எழுதற கேள்வி. எட்டு மார்க். முக்கால்வாசிப் பேர் முட்டை வாங்கியிருக்கான். பெரும்பாலும் ஒரே தப்பு. சைன். நான் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பப் போறேன்." தண்ணீர் குடித்துக்கொண்டார். "சில கட்டு எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்னு எழுத்தப் பாத்தாலே தெரியுது. கல்லு, மண்ணுன்னு பொழைக்கிற வீட்டுப் பிள்ளைங்க. அதுங்களுக்கு மைனஸ் எங்க விளங்கப் போகுது? அந்தப் பள்ளிக்கூடங்கள்ல உயர்கணக்க எடுத்துடலாம், தொழிற்கணக்கு போதும்னு பரிந்துரை பண்ணலாம்னு இருக்கேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

யாருக்கும் இல்லை. நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்பதில் அவ்வளவு ஒற்றுமை.

மைனஸ் விளங்காதாம். மைனஸில் பிறந்து, மைனஸில் வளர்ந்து, மைனஸுக்கு வாக்கப்பட்டுப் போகிற வீடுகள் அவை. அங்கே விளங்காமல் இருப்பது பிளஸ்தான். டெம்ப்பு அந்த மாதிரி வீட்டில்தான் படித்தாள். சட்டி கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து படித்தாள். உயர்கணக்கு அன்றைக்கு இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு அவளும் அம்மா மாதிரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இங்கே குறியை மாற்றத் தெரியாத ஒரே ஜீவன் அவள்தான். பழி மட்டும் மாற்றத் தெரிந்த பிள்ளைகள் தலையில்.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. தன் நாற்காலிதான் என்பது எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

"சார், விடைக்குறிப்பு தப்பு."

விசிறிகள்கூட ஒரு சுற்று யோசித்தன.

"யாரது? டெம்ப்பா?" சீஃப் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, வாரியத்துல பூட்டின ரூம்ல உக்காந்து நிபுணர் போட்ட விடை. மேலாய்வாளர் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க, தப்புங்கறீங்களா?"

"நிபுணரும் மனுஷன்தானே சார். கை தவறியிருக்கும்."

"நீங்க நிபுணரா?"

"இல்ல சார்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னதிலேயே மிகச் சரியான விடை அதுதான்.

கரும்பலகைக்குப் போனாள். விடைக்குறிப்பிலிருந்த சமன்பாட்டை எழுதினாள். "மூலம் மைனஸ் ரெண்டுன்னு கேள்வி சொல்லுது. x இருக்கற எடத்துல மைனஸ் ரெண்டைப் போடறேன். சார், நீங்க சொல்லுங்க."

அவள் கை காட்டியதில் எக்ஸ்பிரஸ் சார் மாட்டிக்கொண்டார். "மைனஸ் பதினாறு... கூட்டல் நாலு... இருபத்தாறு... ஆறு..." விரலை மடக்கினார். திரும்பவும் மடக்கினார். "இருபது வருது."

"மூலம்னா என்ன சார் வரணும்?"

"பூஜ்ஜியம்."

கீழே சாக்பீஸ் தூள் உதிர, பிள்ளைகள் எழுதிய விடையை எழுதி அதிலும் மைனஸ் இரண்டைப் போட்டுக் காட்டினாள். பூஜ்ஜியம் வந்தது. மூன்றைப் போட்டாள். பூஜ்ஜியம். மைனஸ் அரையை அவள் போடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"எனக்குக் காலையிலயே டவுட்டு."

"எனக்கும்தான். சொல்லலாமான்னு பாத்தேன்."

"நான் டீ குடிக்கறப்ப சொன்னேனே, கேட்டீங்களா?"

காலையிலிருந்து எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அடக்கத்தால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அடுத்த கால்மணி நேரம் கூடம் ஒரே குரலில் கேள்வி போட்டவனைக் காய்ச்சி எடுத்தது. எந்த மடையன் போட்டான். காப்பியடித்துப் பாஸ் பண்ணியிருப்பான். மாமன் மச்சான் சிபாரிசாக இருக்கும். "மூலக் கேள்வி போட்டவனுக்கே மூலம் போல. உக்கார முடியாம நின்னுக்கிட்டே போட்டிருக்கான்" என்றார் எக்ஸ்பிரஸ் சார். எல்லோரும் சிரித்தார்கள். டெம்ப்புவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

சீஃப் வாரியத்துக்குப் போன் செய்தார். வாரியம் முதலில் விடைக்குறிப்பு தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்றது. அப்புறம் நேரம் கேட்டது. அப்புறம் தன் வழக்கப்படி தீர்ப்புச் சொன்னது. கேள்வியை எழுத முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண்.

"கேள்வி நம்பர் மட்டும் போட்டிருந்தா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்பர் போட்டிருக்கான்ல? முயற்சிதானே" என்றார் சீஃப்.

ஆக, சரியாக எழுதியவனுக்கும் எட்டு, தப்பாக எழுதியவனுக்கும் எட்டு, ஒன்றுமே எழுதாமல் நம்பர் போட்டவனுக்கும் எட்டு. பிள்ளைகளுக்கு மைனஸ் விளங்காது என்ற அறிக்கையைச் சீஃப் சத்தமில்லாமல் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். உயர்கணக்கு பிழைத்தது.

"இப்ப ஒரு புகார் எழுதணும்" என்றார். "கேள்வி தயாரிச்சவர் மேல. யாருன்னு நமக்குத் தெரியாது, வாரியம் பாத்துக்கும். நீங்களே எழுதுங்க மேடம். கண்டுபிடிச்சது நீங்கதானே?"

முதல்முறையாக அவர் வாயிலிருந்து மேடம் வந்தது. வந்த நேரத்தைப் பார்.

டெம்ப்பு மேடையோரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். 'கேள்வி தயாரித்தவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கினாள். எட்டிப் பார்த்த எக்ஸ்பிரஸ் சாருக்குத் திருப்தியில்லை.

"கவனக்குறைவா? என்ன மேடம், கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதறீங்க. 'அடிப்படை அறிவின்மையால்'னு போடுங்க."

அடித்துவிட்டு அடிப்படை அறிவின்மையால் என்று எழுதினாள்.

"'பொறுப்பற்ற'னு ஒண்ணு முன்னால சேருங்க" என்றார் சீஃப். "கடைசியில, 'இத்தகையோரை இனி எக்காலத்திலும் கல்விப் பணியில் அனுமதிக்கக் கூடாது'ன்னு முடிங்க. காரமா இருக்கணும்."

பேனா நின்றது.

"என்ன மேடம்? அந்த ஆளு மேல பாவமா இருக்கா?"

"இல்ல சார். 'எக்காலத்திலும்' இருக்கறப்ப 'இனி' வேணாம். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆமால்ல! பாத்தீங்களா, எவ்வளவு நுணுக்கமா பாக்கறாங்க" என்று சீஃப் கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்த மாதிரி ஆளுங்கள விட்டுட்டு யாருக்கோ கேள்வி தயாரிக்கக் குடுக்கறாங்க. நான் உங்க பேரைப் பரிந்துரை பண்றேன் மேடம்."

"வேண்டாம் சார். எனக்கு அது சரிப்பட்டு வராது."

"தன்னடக்கம்!" என்றார் சீஃப்.

கீழே கையெழுத்துப் போட்டாள். தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கலவை குழைத்து, சட்டி நிறைத்து, தானே தூக்கிக் கொட்டிக்கொண்டு, பூச்சும் பூசிக் கையெழுத்துப் போட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சீஃப் அதை உறையில் போட்டு ஒட்டி, மெழுகு வைத்து, முத்திரை குத்தி, காத்திருந்த ஜீப்பில் கொடுத்தனுப்பினார். வாரியத்தின் அலமாரி ஒன்றுக்குத்தான் அதில் யார் பெயர் எழுத வேண்டும் என்று தெரியும். திறக்க அதிக நேரம் ஆகாது.

கூடத்தில் வேறு கவலை. கட்டிய கட்டுகளையெல்லாம் அவிழ்த்துத் திரும்ப மதிப்பெண் போட வேண்டும். நாலு மணிக்குப் போகலாம் என்றிருந்தவர்கள் டெம்ப்புவை முறைத்தார்கள். காலையிலேயே தெரிந்தவர்கள்தான் அதிகம் முறைத்தார்கள்.

"நுணலும் தன் வாயால் கெடும்பாங்க" என்றார் எக்ஸ்பிரஸ் சார், கட்டை அவிழ்த்துக்கொண்டே. "நீங்க உங்க வாயால எங்களைக் கெடுத்துட்டீங்க. பேசாம இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிக் காலை நீட்டியிருப்பேன்."

"ஆமா சார்" என்றாள்.

அவர் தாளைத் திறப்பதும் எட்டுப் போடுவதும் மூடுவதுமாக முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். டெம்ப்பு தன் கட்டின் முதல் தாளை எடுத்தாள். சரியான சமன்பாடு, அதன் மேல் அவள் போட்ட பூஜ்ஜியம். பிள்ளை அதோடு நிற்கவில்லை. கீழே 'சரிபார்த்தல்' என்று தலைப்புப் போட்டு, மூன்று மூலங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தது. டெம்ப்பு வரிவரியாகப் படித்தாள்.

"என்ன மேடம் இன்னும் படிக்கறீங்க? படிக்கவே வேணாம்னுதானே சொல்லியிருக்கு. எட்டப் போட்டுத் தள்ளுங்க."

"இதோ முடிச்சிடறேன் சார்."

மைனஸ் இரண்டுக்குச் சரி. மூன்றுக்கும் சரி. மைனஸ் அரைக்கு வரும்போது, பதின்மூன்றில் பாதியைப் பதினொன்றில் பாதி என்று எழுதிவிட்டு, கூட்டிப் பார்க்காமலே பூஜ்ஜியம் என்று முடித்திருந்தது பிள்ளை. இந்தத் தாள் திரும்பிப் போகாது. அந்தப் பிள்ளை கண்ணில் இது படப்போவதே இல்லை.

பதினொன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். மேலே பதின்மூன்று என்று எழுதினாள். பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு எட்டுப் போட்டுச் சுருக்கொப்பம் வைத்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.